பேனா தொடாத நாள்

மஹிமாவுக்கு வருஷத்தில் இரண்டு சரஸ்வதி பூஜை. நவராத்திரியில் கல்கத்தா லேக் கார்டன்ஸ் வீட்டில் அம்மா நாகலக்ஷ்மி செய்வது ஒன்று. குளிர் விடும் சமயத்தில் பள்ளிக்கூடத்தில் வங்காளிகள் செய்வது இன்னொன்று. இரண்டு நாளும் புத்தகத்தைத் தொடக்கூடாது, பேனாவைத் தொடக்கூடாது. மற்றப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தை மட்டும் பூஜையில் வைப்பார்கள். மஹிமாவோ எழுத்து என்று வீட்டில் எது இருந்தாலும் கொண்டுவந்து அடுக்கிவிடுவாள். பஞ்சாங்கம், டெலிபோன் டைரக்டரி, துறைமுக ஆபீசில் அப்பா ஜெய்ராமுக்குக் கொடுத்த டைரி, ஒரு தடவை லேபிள் ஒட்டிய ஊறுகாய் பாட்டில்.

விஜயதசமி காலையில் புத்தகத்தை எடுத்து ஒரு வரியாவது படிக்கவேண்டும் என்பது வழக்கம். அன்றைக்குக் கொலுவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள்.

"இன்னும் ரெண்டு நாள் சரஸ்வதியே வச்சுக்கட்டுமேம்மா. அவளுக்கு என்ன அவசரம்?"

எழுத்து அவளிடம் நிற்காது. பி-யும் டி-யும் இடம் மாறும், வரி வழுக்கும். அதே பாடத்தை யாராவது படித்துச் சொன்னால் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லிவிடுவாள். சோம்பேறி என்றார்கள், மக்கு என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்தாய் என்றும் சொன்னார்கள். கடைசியில் ஒரு டாக்டர்தான் இது சோம்பலும் இல்லை, மக்குத்தனமும் இல்லை என்றார். தனியாகச் சொல்லித்தரப் பயிற்சி பெற்ற டீச்சர் வேண்டும், பரீட்சையை வாயால் கேட்கவேண்டும். நாகலக்ஷ்மிக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

மீதிப் பாரம் கல்வி ஆபீசில் இருந்தது. அனுமதி மேலிடத்திலிருந்து வரவேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். மனு கொடுத்தாள். "பூஜோர் பொரே" என்றார் ஆபீஸ் குமாஸ்தா. பூஜைக்கு அப்புறம். கல்கத்தாவில் இதற்கு மறுபேச்சு கிடையாது. துர்கா பூஜை போகும், காளி பூஜை வரும், பிறகு கிறிஸ்துமஸ், பிறகு பரீட்சை, பிறகு லீவு, திரும்பிப் பார்த்தால் மறுபடி பந்தலுக்கு மூங்கில் நடுவார்கள். தாமதம் என்று புகார் எழுதினாள். புகாருக்குப் பதில் தாமதம் என்று இன்னொரு புகார் எழுதினாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

"ஆபீஸ்னா அப்படித்தான்டி. நானும் ஒண்ணுலதானே உக்காந்துண்டிருக்கேன்" என்றான் ஜெய்ராம். அன்றைக்கு அவனுக்கு ரசம் மட்டும்தான்.

மஹிமா நாலாம் வகுப்பிலேயே தங்கினாள். கூடப் படித்தவர்கள் மேலே போனார்கள். இந்த வருஷமும் தேறாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று பள்ளியில் சொல்லியாகிவிட்டது.

தொண்ணூற்றேழில் வந்த வங்காள சரஸ்வதி பூஜையை நாகலக்ஷ்மி இன்றைக்கும் நினைத்து நினைத்து ருசிப்பாள். மஞ்சள் புடவை சுற்றிய சின்னச் சின்னப் பெண்கள், கொசுவம் அவிழ அவிழ ஓடினார்கள். பூஜை முடியும்வரை இலந்தைப்பழம் தின்னக்கூடாது என்பதால் எல்லார் கண்ணும் அந்தத் தட்டின்மேல். பின்கட்டிலிருந்து பிரசாதக் கிச்சுடி வாசனை. அம்மன் முன்னால் தரையில் அரிசி மாவுக் கோலம், வங்காளிகளின் ஆல்பனா. அதில் பாதி மஹிமா போட்டது. கொடியை வளைத்து வளைத்துக் கொண்டுபோய், நடுவில் யாருக்கும் தெரியாமல் ஒரு புள்ளிக் கோலத்தையும் நுழைத்திருந்தாள்.

தலைமையாசிரியையை அங்கே பொரோதி என்பார்கள், பெரியக்கா. மோசமான மனுஷி இல்லை. ஆனால் நாகலக்ஷ்மியைக் கண்டால் கை தானாகப் பேனாவைத் தேடும். மனுவின் ஓரத்தில் 'மேலிடத்துக்கு அனுப்பப்படுகிறது' என்று எழுதிவிட்டால் அத்தோடு நிம்மதி. அன்றும் கை தேடியது. பேனாக்கள் எல்லாம் கட்டாகச் சரஸ்வதியின் காலடியில் கிடந்தன.

"இன்னைக்கு ஒண்ணும் எழுத முடியாதே, மிஸஸ் ஜெய்ராம். நாளைக்கு வாங்க."

நாகலக்ஷ்மியின் வங்காளம் பாதி ஹிந்தி. அந்த அரைகுறையில்தான் சொன்னாள். "எழுத வேண்டாம் தீதி. நாளைக்கு வந்தா உங்க கையில பேனா இருக்கும். எழுதிடுவீங்க. எழுதினா ஆபீசுக்குப் போயிடும். இன்னைக்கு என் பொண்ணை வாயால கேளுங்க. அவ்வளவுதான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் யார் முன்னாலும் அழாதவள்.

 பொரோதி மஹிமாவைக் கூப்பிட்டாள். மாவுக் கையோடு வந்து நின்றது குழந்தை.

"ஹூக்ளி ஆத்துல கப்பல் ஏன் காத்துக்கிட்டு நிக்குது, தெரியுமா?"

துறைமுகத்துக்காரன் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது! கடல் நீர் ஏறும்போதுதான் ஆழம் கிடைக்கும், ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது, அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று வங்காளத்தில் பொரிந்து தள்ளினாள். கங்கை, இமயமலை, நெல், மழை, பின்னங்கள் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. டீச்சர்கள் கூடிவிட்டார்கள். கிச்சுடி ஆறியது. அது பரீட்சை என்று மஹிமாவுக்குத் தெரியாது. பெரியக்காவுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலாம் வகுப்புப் பரீட்சையை எப்படி நடத்தறதுன்னு முடிவு பண்ண வேண்டியது நான்தான்" என்றாள் பொரோதி மெதுவாக. "இத்தனை நாள் யாரைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்னு தெரியலை." பிறகு தட்டிலிருந்து முதல் இலந்தைப்பழத்தை எடுத்து மஹிமா கையில் வைத்தாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அன்றைக்குச் சாமி பூசாரியின் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டது. பரீட்சையை வாயாலேயே கேட்டார்கள். மஹிமா தேறினாள். ஜாதவ்பூரிலிருந்து பயிற்சி பெற்ற ஒரு பெண்ணைப் பொரோதியே பிடித்துவந்தாள். அவள் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து, மணலில் எழுதவைத்து, விரலை வரிக்கடியில் ஓட்டவைத்து, எழுத்துக்களை மஹிமாவிடம் நிற்கவைத்தாள்.

இப்போது மஹிமா டாலிகஞ்சில் சினிமா ஸ்டூடியோவுக்கு செட் வரைகிறாள். படிப்பாள், நிதானமாக. பழைய வழக்கத்தை மட்டும் விடவில்லை. இந்த நவராத்திரியிலும் எழுத்து என்று கண்ணில் பட்டதையெல்லாம் பூஜையில் அடுக்கினாள். பூஜை லீவுக்கு முந்தின நாள் வந்த ஒரு பழுப்புக் கவரையும் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

விஜயதசமி காலை. தெருப் பந்தலில் அம்மனை வழியனுப்ப மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. மஹிமா கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கவரைத்தான் எடுத்தாள். விரல் வரிக்கடியில் ஊர்ந்தது. பி-யா டி-யா என்று ஓரிடத்தில் நின்றது, மறுபடி ஊர்ந்தது. காபி ஆறினாலும் பரவாயில்லை என்று நாகலக்ஷ்மி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் வகுப்பு மாணவி குமாரி மஹிமா வாய்மொழியாகப் பரீட்சை எழுத அனுமதிக்கப்படுகிறாள் என்று கல்வி ஆபீஸ் உத்தரவில் கண்டிருந்தது.

மஹிமா நிமிர்ந்தாள்.

"என்னைவிட மெதுவாப் படிக்கறவாளும் இருக்காம்மா."

நாகலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள், எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.