ஐயாயிரத்து இருநூறு கிலோமீட்டர்

"இன்னும் ஒரு நாள் தாங்கினாலே பெரிசும்மா" என்று அம்மாவின் நாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போனபோது காலை ஆறு மணி. மருத்துவமனை வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தேன். பதினோரு வருஷமாக விமான டிக்கெட் அலுவலகத்தில் எனக்கு இதுதான் வேலை. "நேரா கோடு போட்ட மாதிரி போக முடியாதா மேடம்?" என்று கேட்பவர்களிடம், "பூமி உருண்டை சார், வளைஞ்சுதான் போகணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அன்று சிரிப்பு வரவில்லை. தம்பி இருக்கும் ஊரிலிருந்து, விமானம் மாறும் இடம் வரை ஆறாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். ஏழரை மணி நேரம். அங்கே நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஐயாயிரத்து இருநூறு. ஆறு மணி நேரம். அவன் கிளம்பி விமானம் ஏற இரண்டு, இங்கே இறங்கி வந்து சேர ஒன்று. கூட்டினால் இருபதரை. ஒரு நாளில் மூன்றரை மணி நேரம் மிச்சம் இருந்தது. அதன்கீழ் இரண்டு தடவை கோடு போட்டேன்.

அவனுக்கும் அம்மாவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா இறந்த அன்று, "நீ ஒழுங்கா கவனிச்சிருந்தா அவர் இருந்திருப்பார்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனவன். அப்புறம் அம்மா அவன் பேச்சையே எடுத்ததில்லை. ஆனால் என் போனில் அவன் படம் வந்தால் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவாள்.

போன் செய்து கணக்கைச் சொன்னேன்.

"வந்தா என் முகத்தைப் பார்ப்பாங்களாக்கா?"

"முதல்ல கிளம்புடா."

எட்டு மணிக்கு ஏறிவிட்டான். மதியத்துக்கு மேல் அம்மாவின் மூச்சு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. ஒவ்வொரு இடைவெளியிலும் அவன் இப்போது எந்தக் கடலுக்கு மேல் இருப்பான் என்று யோசித்தேன். மூன்று பத்துக்கு வந்த இடைவெளி முடியவே இல்லை. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, குழாய்களைக் கழற்றினாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

"இறங்கிட்டேன்க்கா. அம்மா?"

சொல்லத்தான் வாயெடுத்தேன். இன்னும் பத்து மணி நேரம், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில், இவன் எப்படி உட்கார்ந்து வருவான்?

"இங்கதான் இருக்காங்க" என்றேன்.

"போனை அவங்க காதுல வையேன்க்கா. நேர்ல வந்தா எனக்கு வாய் வராது."

வைத்தேன். காது மடலில் இன்னும் சூடு இருந்தது. அவன் குரல் என் விரலிடுக்கில் கசிந்தது.

"அம்மா, நான்தான்மா. பாதிக்கு மேல வந்துட்டேன். மிச்சம் ஐயாயிரத்து இருநூறு கிலோமீட்டர்தான், அக்கா சொன்னா. அன்னைக்கு நான் சொன்னது..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அழுகைக்கு நடுவே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

வார்டு பணியாளர் மடித்த வெள்ளைத் துணியோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தார். போனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். துணியை மார்போடு அணைத்தபடி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.