ஞாயிறு மட்டும் நடக்கிற தெரு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. பாளையங்கோட்டையில் தன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு இசக்கியப்பன் தெருமுனைக்கு வந்தபோது, குறுக்கே இரும்புத் தடுப்பு நின்றது. பக்கத்தில் காவலர் ஜெபராணி.

"ஆறு மணியிலேருந்து ஒம்பது மணி வரைக்கும் வண்டி போகக் கூடாது அண்ணாச்சி. இனிமே ஞாயித்துக்கெழம தோறும் இப்படித்தான். சனங்க நடக்கட்டும், பிள்ளைங்க வெளையாடட்டும்னு மாநகராட்சி ஏற்பாடு."

"அதுக்கு வழிய மறிச்சா எப்படி? எனக்கு அவசர சோலி கெடக்கு!"

"அப்படி என்ன சோலி? ஆஸ்பத்திரின்னா சொல்லுங்க, நானே வழி விடுதேன்."

இசக்கியப்பன் ஸ்கூட்டரை அணைத்தார். முப்பத்திரண்டு வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர் அவர். நாள் முழுக்கப் பயணிகளோடு பேசிக்கொண்டே இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவருடம் மனைவி முத்துராணி இறந்துவிட்டாள். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் அவர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்காருவார். "நாங்குநேரி, வள்ளியூர், நாகர்கோவில்" என்று யாரோ கூவுவதைக் கேட்டுவிட்டுத் திரும்புவார். அதுதான் அந்த அவசர சோலி. அதை எப்படிச் சொல்வது?

சர்க்கரை ஏறிக்கொண்டே போவதால் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரு நாள் நடந்தார். ஒரு பைக் முழங்கையை உரசிக்கொண்டு பறந்தது. அதன்பிறகு பால் வாங்க மூன்று வீடு தள்ளியிருக்கும் கடைக்குக்கூட ஸ்கூட்டர்தான்.

வேறு வழியில்லாமல் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டை நோக்கி நடந்தார். நடுத்தெருவில் பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சிலர் சிரித்துப் பேசியபடி கைவீசி நடந்தார்கள். ஒருவரையும் அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் தனியாக இருப்பதைவிட அந்தக் கூட்டத்துக்குள் தனியாக நடப்பது கஷ்டமாக இருந்தது.

"ஸ்கூட்டர்காரரே!"

எதிர்வீட்டு வாசலில், ஒரு கை கம்பிலும் மறு கை சுவரிலுமாக ஒல்லியான மனிதர் ஒருவர் நின்றார். பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்திருந்தது.

"எதிர்வீடுதானவே நீரு? நான் கார்த்திகேசன். நீரு வண்டியில போறத சன்னல் வழியா பாத்ததுதான், பேசுதது இன்னைக்குத்தான்."

ஏழு வருடமாக எதிரெதிரே குடியிருக்கிறார்கள்.

"நடந்தாத்தான் காலு சரியாவும்னு டாக்டரு சொல்லுதாரு. எங்கன நடக்க? ஒரு அடி வைக்கதுக்குள்ள நாலு வண்டி வருது. போன பொங்கலுக்கு இறங்கிப் பாத்தேன். நீரு ஹாரன் அடிச்சீரு. பயந்து உள்ள போனவன், இன்னைக்குத்தான் வாரேன்."

இசக்கியப்பனுக்கு அப்படி ஒரு நாள் நினைவிலேயே இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. கையை நீட்டினார். இருவரும் மெல்ல நடந்தார்கள். தெருமுனைக்குப் போய்த் திரும்ப ஒரு மணி நேரமாயிற்று. ஒன்பது மணிக்குத் தடுப்பை எடுத்ததும் ஹாரன் சத்தம் பாய்ந்து வந்தது. வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்த கார்த்திகேசன் கேட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டார்.

பக்கத்துக் கடைகளுக்கு ஸ்கூட்டர் எடுப்பதை இசக்கியப்பன் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒன்றாக நடந்தார்கள். மூன்று மாதத்தில் அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. கார்த்திகேசன் சுவரைப் பிடிக்காமல் நின்றார். மற்ற ஆறு நாளும் அவர் வீட்டுக்குள்தான்.

அந்த நேரத்தில்தான், தடுப்பை எடுக்கச் சொல்லி வார்டு கூட்டத்தில் வண்டிக்காரர்கள் சிலர் சத்தம் போட்டார்கள். இசக்கியப்பன் எழுந்தார்.

"நானும் சண்ட போட்டவன்தான் அய்யா. வண்டிக்கு வழி விட்டு விட்டு, மனுசன் வீட்டுக்குள்ளயே அடஞ்சு நோயாளி ஆயிட்டான். தெரு மொதல்ல நடக்கவனுக்கு, பொறவுதான் வண்டிக்கு. வாரத்துல மூணு மணி நேரம் இறங்கி நடந்து பாருங்க. ஒடம்புக்கு நல்லது. எதிர்வீட்டுல ஒரு மனுசன் தவிச்சுக்கிட்டு இருக்கான்னும் தெரியும்."