புள்ளி விழுந்த வீடு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு டெலிபோன் ஆபரேட்டர் வீட்டின் மேல் மட்டும் புள்ளிகள் விழத் தொடங்கின. மழை அல்ல, சாம்பல் அல்ல. கடுகைவிடச் சிறிய, கறுப்பான, மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற சாதாரணப் புள்ளிகள். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் ஒன்றுகூட விழவில்லை. ஆபரேட்டருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. மதியம் வீடு திரும்பிக் காலடியில் நறநறவென்று மிதிபட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. யோசிக்க நேரமில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளாக நினைவில்லாமல் கிடந்தாள். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று வெள்ளிக்கிழமைக்குள் அவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அவளுடைய மருத்துவக் கோப்பை, நூற்றுப் பதினான்கு பக்கத்தையும், ஸ்கேன் செய்து அவர் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். முதலில் மைத்துனன் படித்துக் காட்டினான். படித்தான் என்பதைவிடத் தாண்டினான் என்பதே பொருத்தம். கெட்ட வரி வந்தால் மூச்சு நிற்கும்; இரண்டு வரி தள்ளிக் குரல் இறங்கும். இருபது வருஷமாகக் குரல்களை வைத்தே பிழைக்கிறவரிடம் இது நடக்குமா?

"அறுபத்தோராம் பக்கத்துல எதையோ முழுங்கிட்டேடா."

"ஐயோ மாமா, அங்க வெறும் சீல்தான் மாமா."

தங்கை வந்து படித்தாள். அதே பக்கத்தில் மூக்கை உறிஞ்சிவிட்டு, எல்லாம் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறது என்றாள். இரக்கப்படாமல் படிக்கிற ஒரே ஆள், திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்கிற போன் குரல். அதுவோ, "பக்கம் ஒன்று, படம். பக்கம் இரண்டு, படம்" என்று நூற்றுப் பதினான்கு முறை சொல்லி ஓய்ந்தது.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஆஸ்பத்திரிப் பதிவறைக்குப் போனார். "கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கே சார், பாருங்க" என்று பதிவறைக்காரி திரையைத் திருப்பிக் காட்டி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்லவள். பத்தரைக்குள் மொத்தக் கோப்பையும் மறுபடி ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக்கிக் கொடுத்தாள். ஆனால் அந்த மெஷினில் 'தூசி நீக்கு' என்ற கட்டத்தில் வாங்கிய நாளிலிருந்து ஒரு டிக் இருந்தது. அதைச் செய்தவர்கள் ஊரில் புள்ளி என்றால் தூசி. பொறுப்பாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

அன்று மாலை குரல் அறுபத்தோராம் பக்கத்தைப் படித்தது: "பிழைககும வாயபபு, நூறறுககு, எழுபத்தைந்து." இலக்கத்தில் எழுதியிருந்த எண் மட்டும் தெளிவாக விழுந்தது. ஆபரேட்டர் ஒன்பது நாளில் முதல்முறையாகச் சிரித்தார். அரை மணி நேரம் கழித்து, எழுபத்தைந்துக்கு எதற்கடா மூச்சு நிற்கணும் என்று தோன்றியது. குரலில் காணாமல்போன புள்ளிகள்தான் காலடியில் நறநறப்பவை என்று பிடிபட்டது. புதன்கிழமை முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து வீட்டைப் பெருக்கினார். கட்டிலடி, ஜன்னல் கம்பி, மனைவியின் செருப்புக்குள் என்று ஒன்று விடாமல் பிஸ்கட் டப்பாவில் சேர்த்தார்.

வியாழக்கிழமை டப்பாவைத் திறந்து பார்த்த பதிவறைக்காரி, "இங்கதான் இருக்கா எல்லாம்!" என்றாள். டிக்கை எடுத்தாள், காகிதம் வைக்கிற வாயில் டப்பாவைக் கவிழ்த்தாள். குரல் அங்கேயே படித்தது: "பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு புள்ளி ஐந்து. அறுவை சிகிச்சை செய்யாவிட்டால், இல்லை." இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இரண்டாம் முறையும் அது தணிந்து பேசவில்லை. பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை, பதிவறையின் மதிய ஷிப்ட்காரர் பழக்கதோஷத்தில் மறுபடி டிக் போட்டுவிட்டார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், கூரை இருந்தும், ஆபரேட்டர் தலையில் மட்டும் புள்ளி கொட்டியது. மைத்துனன் குடையை விரித்துப் பிடித்தான்.

"கதவுல என்னடா தெரியுது?"

"செவப்பு லைட்டு மாமா. நாலு மணி நேரமா எரியுது. நர்ஸுங்க ரெண்டு பேரு ரத்தப் பையோட ஓடிட்டாங்க. ரெண்டாவது ஆள் அழுதுகிட்டே போச்சு."

இந்தத் தடவை அவன் மூச்சு எங்கும் நிற்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து, குடைக்கு இடம் விட்டார்கள்.