வந்தாச்சு

எங்க வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊர்ல எல்லார் கண்ணையும் பாக்குற மனுஷனுக்கு எதிர்ல நிக்குற பொண்டாட்டி மட்டும் தெரியாது. பறவை தெரியும். அதுவும் தினம் வர்றது இல்ல, புயல் தள்ளிக்கிட்டு வர்ற அபூர்வப் பறவை.

குளிர்காலத்துல ஒரு புயலன்னைக்கு, அலைத்தடுப்புச் சுவரோட கடைசிப் பாறையில வெள்ளைப் பறவை ஒண்ணு உக்காந்திருந்துச்சாம். நான் வாசலை மறிச்சு நின்னதால அவர் பாக்கல. அதுக்கு எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார்! வசந்தத்துல அது திரும்பிப் போற சமயம் பாத்து மறுபடி புயல். நான் தையல் மெஷின்ல குனிஞ்சிருந்தேன். மனுஷன் சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டார்.

போன் எடுக்கல. அலை சுவரைத் தாண்டி விழுதுன்னு வாசல்ல பேசிக்கிட்டாங்க. ஓடிப் போய்த் துறைமுகக் காவலர்கிட்ட கெஞ்சினேன். அவர் கயித்தை எடுத்துத் தோள்ல போடும்போது என் போன்ல மெசேஜ் வந்துச்சு. 'வந்தாச்சு.'

அப்பாடா, வீட்டுக்கு வந்துட்டார். போன உயிர் திரும்புச்சு, கூடவே கோபமும். காவலரை வேண்டாம்னு சொல்லிட்டு, என்னென்ன திட்டணும்னு வழியெல்லாம் சேத்து வெச்சுக்கிட்டே நடந்தேன். வீடு பூட்டியிருந்துச்சு.

கதவு முன்னாடி நிக்கும்போதே அவரோட பறவைக் கூட்டாளி, மருந்துக்கடைக்காரர், போன் பண்ணினார். குரல்ல அவ்வளவு சந்தோஷம்.

"அண்ணி, அண்ணன் மெசேஜ் பாத்தீங்களா? அந்த வெள்ளைப் பறவை வந்தாச்சாம்."

படுபாவி, எல்லாருக்கும் ஒரே மெசேஜ். யாரு வந்ததுன்னு ஒரு வார்த்தை சேக்கத் தோணல. காப்பாத்தப் போன ஆளை நானே தடுத்துட்டேனே! செருப்பு அறுந்து, வெறுங்காலோட திரும்ப ஓடினேன். காவலரோட நாற்காலி காலியா இருந்துச்சு.

சுவர்மேல ரெண்டு பேர் ஒரே கயித்துல தடுமாறி வந்தாங்க. கயித்தை எடுத்தாச்சு, எதுக்கும் ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்னு போனாராம் காவலர். பாறை இடுக்குல கால் மாட்டி, இடுப்பளவு தண்ணியில கிடந்தாராம் இவர்.

கிட்ட வந்ததும் உதடு நடுங்க, "வந்தாச்சு"ன்னார்.

"யாரு?"

"நான்தான். வந்துட்டேன்."

சேத்து வெச்ச திட்டு ஒண்ணுகூட வாயில வரல. ஈரச் சட்டையைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.