மனிஷாவுக்குத் தெரிந்த மீசை

நஞ்சுண்டசாமி டாக்டரையும் நம்ப மாட்டார், டீச்சரையும் நம்ப மாட்டார். மாதேஸ்வரன் மலைச் சாமியைக் கொஞ்சம் நம்பினார், அது எதிர்த்துப் பேசாது என்பதால்.

பேத்தி மனிஷாவுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனால், காது கேளாதவர்களின் பள்ளிக்கூடத்தைக் கைகாட்டினார்கள். அங்கே போனால் இங்கே கைகாட்டினார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் அபூர்வம் என்றார் ஒரு டாக்டர். அபூர்வம் என்றால் இடம் இல்லை என்று அர்த்தம்; அந்த அளவுக்குப் பெரியவருக்குப் படிப்பு இருந்தது.

கடைசியில் மைசூரின் ஒரு மூலையில், சின்னப் பள்ளி ஒன்றில் கனகா டீச்சர் சேர்த்துக்கொண்டாள். கன்னடக்காரி, தமிழும் பேசுவாள்.

"திடீர்னு தொடாதீங்க தாத்தா. வந்திருக்கறது யாருன்னு முதல்ல சொல்லணும். நான்னா இந்த வளையல். அவங்கம்மான்னா ஜடை. அவ கையை அது மேல வெச்சாத் தெரிஞ்சுக்குவா. உங்களுக்கு அவளே மீசையைப் பிடிச்சுட்டா. அதுதான் உங்க பேரு."

"எம்பேரு ரேஷன் கார்டுல இருக்குதுங்க" என்றார் அவர்.

மகள் ராணி கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனால், பகலில் ஊட்டுவதும் பஸ்ஸில் பள்ளிக்குக் கூட்டிப் போவதும் அவர் பாடு. மனிஷா மீசையை ஒரு இழுப்பு இழுப்பாள், பிறகு வாயைத் திறப்பாள். பேரும் கீரும் என்று பெரியவர் முணுமுணுப்பார்.

வளையலும் ஜடையுமாகப் பிள்ளைக்கு எப்போது கண் திறப்பது? யாரிடமும் சொல்லாமல் ஹனூர் வழியாக மலைக்குப் பஸ் ஏறினார். மொட்டை போடுகிறவர், "மீசையுமாங்க?" என்று கேட்டார்.

"சாமிகிட்டப் போயி பாதி குடுக்கறதாடா?"

வீடு திரும்பி, சந்தனம் பூசிய தலையோடு மனிஷாவின் கையை எடுத்து உதட்டின் மேல் வைத்தார். விரல் அங்கும் இங்கும் தேடியது. பிறகு ஓர் அலறல். தட்டு ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். அவர் கையிலிருந்து ஒரு பருக்கைகூட இறங்கவில்லை. பஸ் ஏற்றப் போனால் கடித்தாள்.

ராணி லீவு போட்டாள். இன்னொரு லீவு போட்டால் அப்படியே வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

"ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"

"வேண்டுதலை ஊரைக் கூட்டியா வெப்பாங்க?"

"இப்ப நான் வேலைக்குப் போறதா, இவளுக்குச் சோறு ஊட்டறதா? அதையும் சாமிகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

சாமி ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் நாடக சாமான் கடைக்குப் போய் ஓர் ஒட்டு மீசை வாங்கி வந்தார். மனிஷா தொட்டாள், இழுத்தாள், கையோடு வந்ததை வாயில் போட்டு மென்றாள். அன்று அவர் கையால் அவள் தின்றது அது ஒன்றுதான்.

கனகா டீச்சர் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று அவர் தயாராக உட்கார்ந்திருந்தார். அவள் திட்டவில்லை.

"அவளுக்கு அவ தாத்தா எங்கயோ போயிட்டாரு. இப்ப யாரோ ஒரு ஆளு வந்து வாயில சோத்தைத் திணிக்கறான். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"மூஞ்சியிலயே குத்துவேன்."

"அவளும் அதைத்தானே பண்றா? ஊட்டாதீங்க. கையைப் பிடிக்காதீங்க. அவ கைக்கு அடியில உங்க கையை வெச்சுட்டுச் சும்மா உட்காருங்க. ஸ்வல்பம் பொறுங்க."

"சும்மா உட்கார்றதுக்கு ஒரு டீச்சரு, ஒரு பள்ளிக்கூடம்!"

ஆனால் வேறு வழியில்லை. மறுநாள் காலை, ராணி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க, அவர் பாயில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டினார். மனிஷா தள்ளினாள். மறுபடி நீட்டினார். கால் மரத்துப்போன பிறகு, ஒரு விரல் வந்து அவர் மணிக்கட்டில் கிடந்த பழைய காப்பை உரசியது. முழங்கை, தோள், காது என்று ஏறியது. தலைக்குப் போனதும் நின்றது. முளைவிட்ட மயிர் சொரசொரத்தது. அவள் இரண்டு கையாலும் தேய்த்தாள். பிறகு ஓங்கி ஓர் அறை அறைந்தாள். சிரித்தாள். இன்னும் ஓர் அறை.

"அப்பா, வலிக்குதா?"

"பேசாம சோத்தை இப்படித் தள்ளு."

மனிஷா அவர் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு வாய் வாங்கினாள். அடுத்த வாயும் வாங்கினாள். அதற்கடுத்ததை அவர் சட்டை மேலேயே துப்பினாள்.

ராணி ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். "உப்புப் போட மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.