இரண்டு தாய்க்கு ஒரு குட்டி

பொறுமை எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்குமே கிடையாது. அன்றைக்கு மேய்ப்பனுக்கு ரொட்டியும் பீன்ஸும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும்போதே மனசு ஒரு நிலையில் இல்லை. மேலே அரசாங்க நிலத்தில் எங்கள் செம்மறிகள் மேய்கின்றன. அதற்கும் மேலே, பாறைகளில், காட்டு மலையாடுகள். எங்கள் ஆட்டின் மூக்கில் இருக்கும் கிருமி அதை ஒன்றும் செய்யாது. மலையாட்டுக்கு ஒட்டினால் நிமோனியா. ஒன்றுக்கு வந்தால் கூட்டத்துக்கே வரும். பக்கத்து மலையில் இருமி இருமியே எல்லாம் தீர்ந்துபோயின. அதனால் இரண்டும் உரசிக்கொண்டால் உடனே வனவிலங்கு அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். மலையாட்டைச் சுட்டுவிடுவார்கள். எங்கள் மேய்ச்சல் உரிமமும் போகும். அந்தக் கோடைப் புல் இல்லாவிட்டால் அமெரிக்காவில், இந்த ஐடஹோவில் எங்களுக்குப் பிழைப்பு ஏது?

மேய்ப்பன் ஃபிடென்சியோ பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான். பெரு நாட்டுக்காரன், இந்த வருஷம்தான் எங்களிடம் சேர்ந்தான்.

“அம்மா, வந்து பாருங்க! ஒரு ஆட்டுக்குக் குட்டி செத்துப்போச்சு. அதுக்கு வேற குட்டி கெடச்சிருச்சு. பாறை இடுக்குல அனாதையாப் படுத்திருந்துச்சு!”

செத்த குட்டியின் தோலை உரித்து, அனாதைக் குட்டிக்குச் சட்டைபோல மாட்டிவிடுவோம். வாசனையை நம்பி ஆடு பால் கொடுத்துவிடும். ஃபிடென்சியோ அதை அழகாகத்தான் செய்திருந்தான். ஆனால் வெள்ளைத் தோலுக்கு அடியில் தெரிந்த கால்கள் சாம்பல் நிறம்.

“அடப்பாவி! இது மலையாட்டுக் குட்டிடா!”

“அதுவும் ஆடுதானேம்மா?”

“ஆமா, உன் தலை! அதோட அம்மா மேயப் போயிருக்கும். அதுக்குள்ள அனாதைன்னு தூக்கிட்டு வந்திருக்க!”

“அப்ப கொண்டுபோய் விட்டுர்றேன்.”

“நம்ம ஆட்டுப் பால் குடிச்ச வாயோடயா? மேல இருக்கிற மொத்தக் கூட்டமும் காலியாயிடும்.”

அவன் முகம் தொங்கிப்போயிற்று. பாறைப் பக்கம் கையைக் காட்டினான். தாய் மலையாடு இறங்கி வந்துகொண்டிருந்தது.

தோலை உருவி எறிந்தேன். தாய் நெருங்குவதற்குள் குட்டியை வாரி வண்டியில் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டினேன். பின்னால் பார்த்தால் பால் கொடுத்த செம்மறி கதறிக்கொண்டு ஓடி வருகிறது. சரிவில் மலையாடும் ஓடி வருகிறது. நான் என்ன பிள்ளை பிடிக்கிறவளா? வளைவில் மலையாடு குறுக்கே குதித்தது. பிரேக்கை மிதித்தேன்.

ஹாரனை அழுத்தினேன், கத்தினேன், தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். ஃபிடென்சியோ ஓடிவந்து செம்மறியைப் பிடிப்பதற்குள் இரண்டும் வண்டிக் கதவடியில் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்துவிட்டன.

“யாரும்மா பார்த்தா? நான் வாயத் திறக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு அவன் செம்மறியை மந்தைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

சொல்லாமல் இருந்தால் புல் மிஞ்சும். மலையாடு கூட்டத்தோடு போய்ச் சேரும். அப்புறம் மேலேயிருந்து இருமல் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே கீழே நான் ஆடு மேய்க்க வேண்டும். தூ! யார்மேல் என்று தெரியாமல் ஆத்திரமாக வந்தது. போனை எடுத்து வனவிலங்கு அலுவலகத்தில் லார்னாவைக் கூப்பிட்டேன்.

“நெசமாவே பட்டுருச்சா, கிராசியானா? நல்லாப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். பட்டுருச்சு.”

அவளுக்கும் என் புல் என்ன ஆகும் என்று தெரியும்.

“துப்பாக்கியோட வர எங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். அது மேல போயிடக் கூடாது. எப்படியாவது அங்கயே நிறுத்தி வைங்க.”

எப்படி நிறுத்துவது? ஹாரனுக்கு மிரண்ட மலையாடு அதற்குள் சரிவில் ஏற ஆரம்பித்திருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் குட்டி கத்துவது வெளியே கேட்கவில்லை.

கண்ணாடியை இறக்கினேன்.

குட்டி கத்தியது. மேலே போய்க்கொண்டிருந்த ஆடு நின்றது, திரும்பியது, இறங்கி வந்தது.

மந்தையை விட்டு ஓடிவந்த ஃபிடென்சியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. “தாயையும் பிள்ளையையும் சேர்த்து வெக்கிறீங்களாம்மா? அப்ப மேல இருக்கிறதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?”

“மேல இருக்கிறதுங்களுக்கு ஒண்ணும் ஆகாதுடா,” என்றேன்.

கதவைத் திறந்து குட்டியை இறக்கி, ஒரு காலைக் கயிற்றால் வண்டியில் கட்டினேன். துப்பாக்கி வரும்வரை தாய் குட்டியை விட்டு நகராது.