ஒரே ஒரு கழுத்து

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது என் வாய் திறந்திருந்தது. மேல் கடைவாய்ப் பல்லில் சொத்தை. குறுக்கே பேச முடியாமல் கேட்ட கதை. [பாதி நேரம் துளைக்கும் சத்தம். விட்டுப்போனதை நானே நிரப்பியிருக்கிறேன்.]

2
தொடக்கம்: பல் மருத்துவர் தூண்டில் முள்ளைப்போல் என்மேல் வளைந்திருந்தார்.

நல்ல வரி. வைத்துக்கொள்கிறேன்.

3
எதிர்ப்பக்கம் உதவியாளர் அம்மா, உறிஞ்சுகுழாயுடன்.

"டாக்டர், கழுத்து."

"ம்."

"போன வாரம் விரல் மரத்துப்போய், பல்லு பாக்கிற கண்ணாடியைக் கீழ போட்டீங்க. பிசியோ என்ன சொன்னாரு?"

"இப்படியே குனிஞ்சா ஒரு வருஷம்தான், அப்புறம் வேற வேலை பாருங்கன்னாரு."

"வேற என்ன வேலை தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்ப அவரைத் தலையைத் திருப்பச் சொல்லுங்க. நிமிர்ந்து உக்காந்து கண்ணாடியில பாருங்க."

"பாவம்மா, ஏற்கெனவே பயந்து கிடக்கிறார். அவரைப் போய் அசையச் சொல்றதா?"

"அவருக்கு இன்னும் முப்பத்தோரு பல்லு இருக்கு. உங்களுக்கு ஒரே ஒரு கழுத்து."

4
நோயாளி அசையக் கூடாதென்று ஒருவர் தன்னையே முறித்துக்கொள்வாரா? நம்பமாட்டீர்கள். பாத்திரத்தை மாற்றுகிறேன். மருத்துவர் கறாரானவர். நோயாளிகளை அவர்

[கைவிட்டேன். சற்று முன்தான் என் கால்மேல் போர்வையைச் சரிசெய்தார்.]

5
முடிவு அ: தொழிலை விடுகிறார். என் பல் பாதியில் நிற்கும்.

முடிவு ஆ: பொறுமையிழந்த உதவியாளர் நாற்காலியின் மிதியை ஓங்கி மிதிக்கிறார். என் கால் விளக்கில்

[வேண்டாம். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு.]

முடிவு இ: நானே தலையைத் திருப்புகிறேன். சுலபம். ஆனால் மருத்துவர் நிமிர்ந்துவிடுவார். என் தூண்டில் முள் வரி போய்விடும்.

அரை மணி நேரம் நான் அசையவில்லை.

6
கண்ணாடி மறுபடியும் விழுந்தது. நேராக என் சட்டைப்பைக்குள். உதவியாளர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். மருத்துவர் தன் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மடங்கவில்லை.

பிரிவு 2-ஐ, அந்தத் தூண்டில் முள் வரியை, அடித்துவிட்டேன். நீங்கள் படித்தது அதற்கு முன்பு. மோவாயை உயர்த்தி, அவர் பக்கம் தலையைத் திருப்பினேன்.

அவர் நிமிர்ந்தார். வேறு கண்ணாடியை எடுத்து என் வாய்க்குள் விட்டார்.

"அட, நல்லாத் தெரியுதே!"

"இதைத்தானே மூணு வருஷமாக் கத்துறேன்" என்றார் உதவியாளர்.

7
நான் ஒரே ஒரு நோயாளி. வெளியே பதினோரு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மருத்துவர் யாரையும் தலையைத் திருப்பச் சொல்லமாட்டார். இவ்வளவு எழுதியும் அதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை.

நாற்காலி காலி. அடுத்தது நீங்கள். வாயைத் திறங்கள்.